உழவு இயந்திரத்தில் மேலதிக வேலை விளக்குகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெற்செய்கை மாரி மழையை நம்பியது. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் விதைக்கும் கமக்காரர் தை, மாசி மாதங்களில் அரிவு வெட்டுகின்றனர். இவ்விரு வேளைகளிலும் காலம் குறுகியது. பெருமழைக்கு முன் உழவு முடியாவிடில் விதைப்புத் தவறும். விளைந்த பயிர் மழையிற் சாய்ந்து கிடந்தால் கதிரிலேயே நெல் முளைத்துவிடும். ஆதலால் அரியாலை, செம்மணி, நாவற்குழிப் பகுதி வயல்களில் பொழுது சாய்ந்த பின்னரும் உழவு இயந்திரத்தை ஓட்ட வேண்டி நேர்கின்றது. திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்லும் தோட்டக்காரரும் விடியுமுன்பே பெட்டியில் ஏற்றவேண்டியவராவர்.

இயந்திரத்தின் முன்விளக்குகள் வீதிக்கென அமைந்தவை. பின்னால் இழுபடும் கலப்பையையோ, சில்லுக்கு அருகிலுள்ள வரம்பையோ அவை காட்டமாட்டா. ஆகவே மேலதிக வேலை விளக்குப் பூட்டுதல் பயனுள்ளதே. ஆனால் முன்விளக்குக் கம்பியில் ஒட்டுப்போட்டுப் புதிய விளக்கைத் தொடுத்தல் ஆகாது. அக்கம்பியும் ஆளியும் பழைய விளக்கின் சுமைக்கெனவே அளந்து போடப்பட்டவை. மேலதிக விளக்குக்கு மேலதிக வழி வேண்டும்.

மின்னோட்டக் கணக்கு

விளக்கை வாங்குமுன் கணக்குப் பார்த்தல் வேண்டும். விளக்கிற் குறித்துள்ள வாற்றைப் பற்றரியின் வோல்ற்றால் வகுத்தால், அது எடுக்கும் மின்னோட்டம் அம்பியரிற் கிடைக்கும். 12 வோல்ற்றுப் பற்றரியில் 55 வாற்று ஹலோஜன் விளக்கொன்று ஏறக்குறைய 4.6 அம்பியர் எடுக்கும். இரண்டு விளக்குகள் 9.2 அம்பியர் எடுக்கும். 18 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டும் சேர்ந்து 3 அம்பியரே எடுக்கும்.

இயந்திரம் ஓடும்போது மின்னை உண்டாக்குவது மின்பிறப்பாக்கி. பற்றரி அதைச் சேமித்து வைப்பது. எல்லா விளக்குகளும் எடுக்கும் மின்னோட்டம் மின்பிறப்பாக்கி தருவதிலும் குறைவாக இருத்தல் வேண்டும். பற்றரிக்கு ஏறவும் மிச்சம் இருத்தல் வேண்டும். பழைய டைனமோக்கள் இயந்திரம் மெதுவாக ஓடும்போது மிகச் சிறிதே மின் தருவன. பிந்திய இயந்திரங்களிலுள்ள ஓல்றனேற்றர் மெதுவான ஓட்டத்திலும் ஓரளவு தரும்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் எரியவிட்டால் சுமை முழுவதும் பற்றரியின் மேல் விழும். 60 அம்பியர்-மணிப் பற்றரியில் மேற்சொன்ன ஹலோஜன் விளக்குகள் 3 மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 28 அம்பியர்-மணி, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். அடிக்கடி இவ்வாறு இறங்கும் பற்றரி விரைவிற் கெடும். மறுநாட் காலையில் இயந்திரத்தை இயக்கவும் வலுவிராது. அரிவு வெட்டு நாளில் இது பெரும் நட்டமாகும்.

கம்பியின் தடிப்பு

மெல்லிய கம்பி மின்னை வழியிலேயே வெப்பமாக்கிவிடும். பற்றரியிலிருந்து விளக்குக்கு 4 மீற்றர், திரும்ப 4 மீற்றர் என வைத்துக்கொள்வோம். 0.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியில் இரு ஹலோஜன் விளக்குகளைத் தொடுத்தால் 2 வோல்ற்றுக்கு மேல் கம்பியிலேயே இழக்கப்படும். அப்போது ஒளி ஏறக்குறையப் பாதியாகும். 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி இட்டால் இழப்பு அரை வோல்ற்றளவே. விளக்கு மங்கலாக எரிந்தால் பெரிய விளக்கு வாங்குமுன் கம்பியைப் பார்த்தல் நன்று.

உருகியும் ரிலேயும்

உழவு இயந்திரம் ஓயாது அதிர்வது. இரும்பு விளிம்பில் உராயும் கம்பியின் உறை தேய்ந்து சட்டத்தைத் தொட்டால், பற்றரியின் மின் முழுவதும் அவ்வழியே பாயும். கம்பி கண நேரத்திற் பழுக்கும். சூடடிக்கும் களத்தில், வைக்கோலும் தூசியும் படிந்த இயந்திரத்தில் இதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை.

இதனைத் தடுப்பது உருகி. அதனைப் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் பூட்டவேண்டும். விளக்கருகே பூட்டினால் இடையிலுள்ள கம்பிக்குக் காவலில்லை. மேற்சொன்ன இரு ஹலோஜன் விளக்குகளுக்கு 15 அம்பியர் உருகி பொருந்தும். உருகி எரிந்தால் காரணத்தைத் தேடவேண்டும். அதற்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றுதல் கூடவே கூடாது.

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தாற் பெரு மின்னோட்டத்தை இயக்கும் கருவி. சாரதியின் ஆளியில் கால் அம்பியருக்கும் குறைந்த மின்னே ஓடும். விளக்கின் சுமையை ரிலே தாங்கும். வழக்கமான ரிலேயில் 30 எனக் குறித்த முனைக்குப் பற்றரியிலிருந்து உருகி வழியாக வரும் கம்பியையும், 87 எனக் குறித்ததற்கு விளக்குக் கம்பியையும் தொடுக்கவேண்டும். 85, 86 முனைகளில் ஒன்று ஆளிக்கும் மற்றையது சட்டத்துக்கும் செல்லும். ஆளிக்குரிய மின்னைத் திறப்பு வழியாக எடுத்தால், திறப்பை மூடியதும் விளக்கும் அணையும். மறதியாற் பற்றரி இறங்காது.

வேலை தொடங்குமுன் பற்றரியில் சட்டத்தோடு இணைந்த முனையை முதலிற் கழற்றி, எல்லாம் முடிந்தபின் கடைசியிற் பூட்டவேண்டும். மின்னேறும் பற்றரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிவருவதால் அதனருகே தீப்பொறி ஆகாது. கம்பி துளைவழியே செல்லுமிடத்தில் றப்பர் வளையம் இடுக.

பழைய இயந்திரமும் இருசில்லு இயந்திரமும்

1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் பிரித்தானியாவில் செய்யப்பட்ட உழவு இயந்திரங்கள் பலவற்றில் பற்றரியின் நேர் முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். ஹலோஜன் விளக்குக்கு இதனால் வேறுபாடில்லை. எல்.ஈ.டி. விளக்கோ முனை மாறினால் எரியாது, பழுதடையவும் கூடும். ஆகவே முனைகளைப் பார்த்தே தொடுத்தல் வேண்டும்.

லாண்ட்மாஸ்டர் என வழங்கும் இருசில்லு இயந்திரங்கள் பலவற்றிற் பற்றரியே இராது. இயந்திரத்தோடு சுழலும் சிறு மின்பிறப்பாக்கியே விளக்கை எரிக்கும். அது தன் விளக்குக்கு மட்டுமே போதுமான வலுவுடையது. அதிலே மற்றொரு விளக்கைத் தொடுத்தால் இரண்டும் மங்கும். இவ்வியந்திரம் வைத்திருப்போர் தனிப் பற்றரியுடன் கூடிய எல்.ஈ.டி. விளக்கைப் பயன்படுத்தி, பற்றரியை வீட்டில் ஏற்றிக்கொள்வதே தக்கது.

வீதியில் கவனம்

பின்னோக்கிய வெண்விளக்கு வயலுக்கு மட்டுமே உரியது. கண்டி வீதியில் ஏறுமுன் அதனை அணைத்தல் வேண்டும். பின்னால் வரும் சாரதியின் கண் கூசினால் முன்னே செல்லும் பெட்டி அவருக்குத் தெரியாது. பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு விளக்கும் ஒளிதெறிக்கும் தகடும் சேறின்றி இருத்தல் அவசியம். வயலில் நேரத்தை மிச்சப்படுத்த ஏற்றிய விளக்கு வீதியில் உயிருக்கு உலை வைத்தலாகாது.

பருவந்தோறும் உழவு தொடங்குமுன் உருகி, கம்பியுறை, பற்றரி முனைகள் ஆகியவற்றை ஒருமுறை பரிசோதித்துக்கொள்க. ஐயமிருப்பின் மோட்டார் மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்வித்தல் நலம்.