கொல்லிமலைச் சாமையும் வியாபாரக் கணக்கும்

சரக்கு நல்லதாயிருந்தால் அது தானே விலைபோகும் என்று நம் நாட்டில் சிறு தொழில் தொடங்குவோரிற் பலர் எண்ணுகின்றனர். கைமுதலைக் கரைப்பதில் இவ்வெண்ணத்துக்கு நிகரானது வேறொன்றில்லை. இதற்குச் சாட்சி வேண்டுவோர் நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையின் கதையைச் சற்று ஊன்றிக் கவனிப்பார்களாக.

வல்வில் ஓரி ஆண்ட மலையென்று நாம் பெருமை பேசும் அம்மலையில், மலையாளிகள் எனப்படும் தமிழ் பேசும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய தானியங்களைப் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று பல வகை விதைகளை அவர்கள் காத்து வந்தார்கள். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பயிர்கள் நின்ற நிலங்களிற் பெரும் பகுதியை மரவள்ளி கைப்பற்றிக்கொண்டது.

மரவள்ளி சாமையினும் சத்துள்ளதா? இல்லை. சரிவான நிலத்தின் மண்ணுக்கு நன்மை செய்வதா? அதுவும் இல்லை. கிழங்கைத் தோண்டும் போதெல்லாம் மண் இளகி மழையோடு போகிறது. ஆனால் மரவள்ளிக்கு வாங்குவோன் இருக்கிறான். சேலம், நாமக்கல் பகுதியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளும் ஸ்டார்ச் ஆலைகளும் கிழங்குக்காகக் காத்து நிற்கின்றன. அவ்வாலைக்காரர்களும் தனித்தனியே நின்று தரகர்களிடம் நஷ்டப்பட்டுக் கொண்டிராமல், 1981ஆம் ஆண்டில் சேலத்தில் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். சரக்கைப் பரிசோதிப்பதும், கிடங்கில் வைப்பதும், பலர் அறிய விலை கேட்டு விற்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. இவ்வாறு மரவள்ளிக்கு வயலிலிருந்து பட்டணம் வரை பாதை போடப்பட்டிருந்தது. சாமைக்கு அப்பாதை இல்லை. சாமை தோற்ற இடம் வயலன்று, சந்தையே.

இன்னொரு காரணமும் உண்டு. சாமையின் உமியை நீக்கப் பெண்கள் உரலில் இட்டு நெடுநேரம் குத்தவேண்டியிருந்தது. நாளெல்லாம் காட்டில் உழைத்தவள் மாலையில் உலக்கை எடுப்பதைவிட, கடையரிசி வாங்கி உலையில் இடுவதையே விரும்பினாள். அவளை யார் குறை கூற முடியும்? எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களின் பிற்பகுதியிலிருந்து அம்மலையில் செய்த வேலையில் நாம் முக்கியமாகக் கருதுவது இதுவே: கிராமங்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை அமைத்து, பெண்களின் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்புவித்தார்கள். அரிசி, ரவை, மாவு என்று பண்டம் மலையிலேயே உருப்பெற்று, உறையிடப்பட்டு, பெயர் ஒட்டப்பட்டுக் கீழே இறங்கலாயிற்று.

இம்முயற்சியை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், 2009இல் 'புட் பாலிஸி' என்னும் ஆராய்ச்சிப் பத்திரிகையில் தம் முடிவை வெளியிட்டனர். இத்தகைய பண்டம் நிலைபெற மூன்று காரியங்கள் வேண்டுமென்பது அவர்கள் கருத்து. கிராக்கி பெருகவேண்டும், சரக்கு செல்லும் வழி செலவு குறைந்து செம்மையாகவேண்டும், வரத்து மிகுந்து விலை சரியாதபடி கட்டுப்பாடு வேண்டும். இம்மூன்றையும் தனி ஒருவனால் சாதிக்க முடியாது. மலையிலுள்ள சிறு வியாபாரிக்கு மட்டுமன்றி, காஞ்சீபுரத்து நெசவாளிக்கும் திண்டுக்கல் பூட்டுக்காரருக்கும் இது பொருந்துமென்றே நாம் நினைக்கிறோம்.

சிறு தொழில் செய்யும் அன்பர்கள் இதிலிருந்து கைக்கொள்ளவேண்டிய சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, அடக்க விலையைச் சரியாக அறியவேண்டும். கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கிலோ 40 ரூபாய் வீதம் 100 கிலோ சாமை வாங்கினால் 4,000 ரூபாய். உமி போக 60 கிலோ அரிசி கிடைத்ததென்றால், இயந்திரத்தில் இடுமுன்பே கிலோவுக்கு ஏறக்குறைய 67 ரூபாய் ஆகிவிட்டது. உமி நீக்கக் கூலி 300, உறைகள் 300, வண்டிச் சத்தம் 200 சேர்ந்தால் 4,800. அதாவது கிலோ 80. கடைக்காரருக்கு 85 ரூபாய்க்குக் கொடுத்து, லாபம் கண்டோமென்று மகிழ்கிறோம். ஆனால் 5 கிலோ வண்டு விழுந்து திரும்பி வந்தால், கைக்கு வருவது 4,675 ரூபாய்தான். நஷ்டம் 125, வீட்டார் உழைப்புக்குக் கூலியோ சூனியம். திரும்பி வரும் சரக்கையும், கடன் நிற்கும் நாட்களையும், சொந்த உழைப்பையும் கணக்கில் சேர்க்காதவன் விற்க விற்க ஏழையாவான்.

இரண்டாவது, சரக்கின் சுபாவத்தை அறிந்து விற்கவேண்டும். உமியோடு இருக்கும் சாமை நெடுநாள் கெடாது. உமி நீக்கி மாவாக்கினாலோ தவிட்டிலுள்ள எண்ணெய்ப் பசையால் விரைவில் சிக்கு நாற்றம் பற்றும். ஆகவே தானியத்தை உமியோடு சேமித்து, தேவை வந்தபோது அளவாக அரைப்பதே விவேகம். முதல் உறையைப் பிரித்தவள் முகம் சுளித்தால், ஆயிரம் விளம்பரத்தாலும் இரண்டாம் உறையை அவளிடம் விற்க முடியாது.

மூன்றாவது, உபயோகிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தே விற்கவேண்டும். சாமைக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்பது பட்டணத்து இல்லாள் பலருக்கும் தெரியாது. உறையின் மேல் சத்துக்களின் பட்டியலைவிட ஒரு பொங்கல் செய்முறை அதிகம் விற்கும்.

நான்காவது, அனுதாபத்தை நம்பி வியாபாரம் நடத்தலாகாது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது அவருக்கிருந்த மக்கள் ஆதரவு எளிதானதன்று. எனினும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. சர்க்காரின் அடக்குமுறையும் சேர்ந்தது. 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. அபிமானம் கடையின் கதவைத் திறக்கும்; அதைத் திறந்தபடியே வைத்திருக்க முதலும், கட்டுப்பாடான கூட்டுறவும், தவறாத தரமும் வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இந்தியா முன்மொழிந்த ஆண்டு அது. அதன்பின் பெரிய கம்பெனிகளும் சிறுதானியப் பண்டங்களைப் பளபளப்பான உறையில் விற்கின்றன. விலையில் அவர்களோடு மலைப்பெண்கள் போட்டியிட முடியாது. இன்ன மலை, இன்ன விதை, இன்ன மாதம் அறுத்தது என்று மெய்யாகச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த மெய்யே அவர்களுடைய முதல். அதில் ஒரு பிடி கலப்படம் சேர்ந்தாலும் எல்லாம் போயிற்று.

இதில் பணயமாயிருப்பது சிலருடைய லாபம் மட்டுமன்று. விற்காத தானியத்தை யாரும் விதைக்கமாட்டார்கள். விதைக்காத விதை சில ஆண்டுகளில் முளைக்கும் திறனை இழக்கும். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வரும் ஒரு கிலோ சாமைக்கு நியாய விலை கொடுப்பவர், அடுத்த ஆடிக்கு ஒரு வயலில் விதை விழச் செய்கிறார். மேடைகளில் பழங்குடியினரின் நலம் பேசும் நம் தொண்டர்கள், தங்கள் ஊர்ப் பண்டகசாலையில் அச்சரக்குக்கு ஓர் அலமாரி இடம் வாங்கித் தரட்டும். மாதம் தவறாமல் பணம் போய்ச் சேர்கிறதா என்றும் பார்க்கட்டும். அதுவே மலைக்குச் செய்யும் தொண்டு.