பல்லடைப்பும் தகைப்பும்

பற்குழியை அடைத்தவுடன் குறை தீர்ந்தது என எண்ணுகின்றோம். ஆயின் அடைப்பின் ஆயுள் பொருளின் வலிமையை மட்டுமன்றிக் குழியின் வடிவையும் பொறுத்தது. அஃது எவ்வாறென ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்கப் பல்வைத்தியர் ஜீ. வீ. பிளாக் 1908 இல் வெளியிட்ட நூலிலே குழி வெட்டும் முறைகளை வகுத்தார். இரசக்கலவை பல்லோடு தானாக ஒட்டாது. ஆதலின் அது கழலாதவாறு குழியைப் பெட்டிபோல் வெட்டினர். 1955 இல் பூனோகோர், பல்லின் வெளிப்படையாகிய மிளிரியை அமிலத்தால் அரித்துப் பிசினை ஒட்டச்செய்யும் வழியைக் காட்டினார். 2013 இன் மினமாட்டா உடன்படிக்கை இரசக்கலவைப் பாவனையைக் குறைக்கக் கோருதலின், ஒட்டும் கூட்டுப்பிசின் இன்று மேலும் முதன்மை பெறுகின்றது.

ஒட்டுதல் நன்மையே, எனினும் அதனோடு ஓர் இடரும் வந்தது. கூட்டுப்பிசின் இறுகும்போது கனவளவில் ஏறத்தாழ 2 முதல் 3 வீதம் சுருங்கும். புத்தளக் களப்போரத்தில் வெயிலிற் காயும் சேற்றைப் பார்த்தோர் இதனை எளிதில் உணர்வர். தரையைப் பற்றிய சேறு விரும்பியவாறு சுருங்க இயலாமையால் வெடிக்கின்றது. குழிச் சுவர்களைப் பற்றிய பிசினும் அவ்வாறே இழுபட, தகைப்பு பிறக்கின்றது. அதனால் ஒட்டு விடும்; அன்றேல் பற்சுவர் வளையும் அல்லது வெடிக்கும்.

1987 இல் பெயில்சரும் துணைவரும், ஒட்டிய பரப்பை ஒட்டாத பரப்பால் வகுத்து வடிவக் காரணி ஒன்றை வரையறுத்தனர். பக்கம் 2 மில்லிமீற்றரான கனசதுரக் குழியில் ஒட்டிய பரப்பு 20, திறந்த பரப்பு 4 சதுர மில்லிமீற்றர், காரணி 5. அதே கனவளவை 4 மில்லிமீற்றர் சதுரமும் அரை மில்லிமீற்றர் ஆழமுமாக அமைப்பின் காரணி 1.5 மட்டுமே. திறந்த பரப்பு மிகுதியாயின் பிசின் இளகி ஓடித் தகைப்பைத் தணிக்க இடமுண்டு.

இதற்காக நலமான பல்லை அகல வெட்டுதல் தகாது. எஞ்சிய சுவர் மெலிந்தால் பல்லே முறியும். கூரிய உள்மூலைகளில் தகைப்பு குவிதலின் அவற்றை உருட்டி விடுதல் வேண்டும். பொருளும் கருதத்தக்கது. சுருக்கம் ஒத்திருப்பின், யங்கின் மட்டு உயர்ந்த விறைத்த பிசின் மிகுந்த தகைப்பைத் தரும். மிக இளகியதோ மெல்லும் பாரத்தைத் தாங்காது. ஆதலின் பிசினைச் சிறு படைகளாக இட்டு இறுக்குவதும், அடியிலே நெகிழ்வுடைய படை இடுவதும் வழக்காயின.

அடைப்பு பெயருந்தோறும் குழி பெரும்பாலும் பெரிதாகின்றது; பல் சிறுக்கின்றது. சிகிச்சைக்கு நெடுவழி செல்லவேண்டிய ஆலங்குடா போன்ற கரையோர ஊர்களில் இவ்விழப்பு இருமடங்காம். பழுதை மட்டும் அகற்றி, வடிவறிந்து, பொருளறிந்து முதன்முறையே செவ்வனே அடைத்தலே பல்லைக் காக்கும் நெறியென்க.