காஸ் குறைவில்லை, காத்துத்தான் குறைவு

இந்தக் கிழமை எபிசோட்ல கார் ஏசி பற்றிக் கதைச்சம். நேரம் போனதால ஹை பிரஷர் விசயத்தை அரைவாசியில விட்டிட்டம். மிச்சம் இங்கே.

போன ஜனவரி, மேஸ் ஹில் முருகன் கோவிலில இருந்து வீட்டுக்கு வாறம். வெளியில 36 டிகிரி. பின் சீட்டில அம்மம்மா. ஓடேக்க ஏசி குளிருது. கிரேட் வெஸ்டர்ன் ஹைவே சிக்னல்ல நிண்டவுடனே சூடான காத்து. அம்மம்மா சேலைத் தலைப்பால விசிறத் தொடங்கிட்டா.

"காஸ் முடிஞ்சிருக்கும் அப்பா, அடிச்சா சரி" எண்டு சொன்னது நான்தான். அடுத்த நாள் அப்பா ஒரு கராஜுக்குக் கொண்டுபோய் காஸ் அடிச்சார். ரெண்டு நாள் கழிச்சு, சிக்னல்ல ஏசி முழுசா நிண்டுபோச்சு. திரும்பிப் போனால், "கொம்பிரசர் போயிட்டுது, 1,900 டொலர்" எண்டாங்கள். அப்பா கிட்டத்தட்ட ஓம் எண்டிட்டார்.

கொம்பிரசர் போகவில்லை. ஏன் என்று விளங்க, ஏசி எப்படி வேலை செய்யுது என்று முதலில் பார்ப்போம்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கிற வெப்பத்தைத் தூக்கி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற எவாப்பரேட்டரில் காஸ் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். கொம்பிரசர் அதை அமுக்கி, பிரஷரையும் வெப்பத்தையும் கூட்டும். பிறகு அது காரின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற கொண்டென்சருக்குப் போகும். அங்கே வெளிக்காற்று பட்டு வெப்பம் வெளியேற, காஸ் திரும்பத் திரவமாகும்.

காற்று படாவிட்டால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் வெளியேறாவிட்டால் பிரஷர் ஏறிக்கொண்டே போகும். எங்கட காரில் நடந்தது இதுதான்.

ஏசி லைசன்ஸ் வைத்திருக்கிற, எங்கட குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு அண்ணையிடம் காரைக் கொண்டுபோனோம். அவர் கேஜைப் பூட்டினார். பழைய கார், அதனால் உள்ளே இருப்பது ஆர்-134ஏ. அந்தக் காஸுக்கு 35 டிகிரி நாளில் ஹை சைட் ஏறக்குறைய 210 முதல் 240 பிஎஸ்ஐ வரைதான் இருக்கவேணும். 25 டிகிரி என்றால் 170 முதல் 190. எங்கட கார் நின்ற இடத்தில் 340 காட்டியது. பிறகும் ஏறி, 400 தாண்டினதும் "டக்" என்று கொம்பிரசர் நின்றது.

"தம்பி, இது பழுதில்லை, பாதுகாப்பு" என்றார் அண்ணை. பிரஷர் அளவுக்கு மிஞ்சினால், குழாயும் கொம்பிரசரும் சேதமாகாமல் இருக்க சென்சர் அதை நிறுத்திவிடும். கராஜில் அதைப் பார்த்துத்தான் கொம்பிரசர் செத்துப்போச்சு என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

கேஜில் ரெண்டு முள்ளையும் சேர்த்துத்தான் வாசிக்கவேணும்:

• ரெண்டும் கூட: கொண்டென்சருக்குக் காற்றுப் போதாது, அல்லது காஸ் கூடிப்போச்சு, அல்லது காஸோடு வெளிக்காற்று கலந்திருக்கு.
• ஹை கூட, லோ குறைவு: வழியில் எங்கேயோ அடைப்பு. எக்ஸ்பான்ஷன் வால்வ் அல்லது டிரையரைச் சந்தேகிக்கலாம்.
• ஹை குறைவு, லோ கூட: இதுதான் உண்மையிலேயே கொம்பிரசர் பலவீனம்.

எங்களுக்கு ரெண்டும் கூட. அண்ணை ஓஸ் பைப்பை எடுத்து, கொண்டென்சருக்கு மெல்லிய தூறலாகத் தண்ணி அடித்தார். ஒரு நிமிசத்தில் 340 சரசரவென்று 230-க்கு இறங்கியது, உள்ளே குளிர் வந்தது. கொண்டென்சரைக் குளிராக்கினதும் எல்லாம் சரியாகிறதென்றால், பிரச்சினை காற்றோட்டத்தில்தான்.

பொனட்டுக்குள் குனிந்து பார்த்தோம். ஏசி ஓடுது, ஆனால் கொண்டென்சர் ஃபான் சுத்தவில்லை. ஓடேக்க எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்யும். நிண்டால் ஃபான் மட்டும்தான். சிக்னல்ல மட்டும் சூடாக வந்ததன் காரணம் அதுதான். ஃபியூஸ் நல்லம். அதே மாதிரி இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டோம், பலனில்லை. பற்றரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தோம், அசையவில்லை. மோட்டர் செத்துவிட்டது. புது ஃபான் 180 டொலர்.

கதை முடிஞ்சுது எண்டு நினைச்சன். இல்லை. ஃபான் சுத்தியும் ஹை சைட் 290-இல நிண்டது. அண்ணை என்னைப் பார்த்து, "ஆர் காஸ் அடிக்கச் சொன்னது?" எண்டார். நான் ஃபானைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

பொனட்டுக்கு உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எங்கட காருக்கு 500 கிராம். மெஷினால் காஸை இழுத்து எடுத்து நிறுத்தால் 640 கிராம்! காஸ் கூடினால் கொண்டென்சருக்குள் திரவம் நிரம்பி, குளிராகிற இடம் சுருங்கிவிடும், பிரஷர் ஏறும். வக்கூம் பண்ணி, சரியாக 500 கிராம் நிறுத்துப் போட்டதும் ஹை சைட் 235. உள்ளே வந்த காற்று 8 டிகிரி.

நீங்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடியது இவ்வளவு:

1. ஏசியைப் போட்டுவிட்டு ஃபான் சுத்துதா என்று பாருங்கோ. கையையும் தலைமயிரையும் தள்ளி வையுங்கோ, சுத்தாத ஃபான் திடீரென்று சுத்தலாம்.
2. கொண்டென்சரில் இலை, பூச்சி, தூசி அடைச்சிருந்தால் மெதுவாகத் தண்ணியால் கழுவுங்கோ. பிரஷர் வோஷர் வேண்டாம், மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.
3. எப்போது சூடாக வருது என்று குறித்து வையுங்கோ. நிக்கேக்க மட்டுமா, எப்பவுமா? மெக்கானிக்குக் கொடுக்கக்கூடிய முதல் துப்பு அது.

அதற்கு மேல் தொடவேண்டாம். அவுஸ்திரேலியாவில் காஸைக் கையாள லைசன்ஸ் வேணும், வேண்டுமென்றே வெளியே திறந்துவிடுவது குற்றம். கண்ணிலோ தோலிலோ பட்டால் உறைந்து காயப்படுத்தும்.

2020 ஜனவரி 4-ஆம் தேதி பென்ரித்தில் 48.9 டிகிரி போனது. அப்படியான நாளில் வயசான ஆக்கள் பின் சீட்டில இருந்தால் ஏசி சொகுசுச் சாமான் இல்லை. அதனால அப்பா "காஸ் அடிக்கப் போறன்" எண்டால், முதல்ல பொனட்டைத் திறக்கச் சொல்லுங்கோ. காஸ் தானாக முடியிற சாமான் இல்லை. குறைஞ்சிருந்தால் எங்கேயோ ஒழுகுது. அளக்காமல் அடிக்க விடாதேங்கோ.

அம்மம்மா இப்ப சிக்னல்ல, "குளிருது, கொஞ்சம் குறை மோனே" எண்டுறா.

அடுத்த எபிசோட்ல சந்திப்பம்.