தாவரச் சாற்றில் உருவாகும் வெள்ளி நானோ துகள்கள்: ஆய்வகத்தைத் தாண்டி மருந்தாவதற்குத் தடை என்ன?

புது தில்லி: வேப்பிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலுடன் சேர்த்தால், வெளிர்நிறத்தில் இருக்கும் கலவை மெல்ல மஞ்சளாகி, பின்னர் பழுப்பாக மாறுகிறது. வெள்ளி நானோ துகள்கள் உருவாகிவிட்டன என்பதற்கு இந்த நிறமாற்றமே முதல் அடையாளமாகும். தில்லியின் சாலையோரங்களில் நிழல் தரும் அதே வேப்ப மரத்தின் இலையே இதற்குப் போதுமானது.

இத்துறையின் தொடக்க ஆய்வுகளுள் ஒன்று இந்தியாவில் நடைபெற்றது. புணேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் விஞ்ஞானி முரளி சாஸ்திரி தலைமையிலான குழுவினர், வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி, தங்க நானோ துகள்களை உருவாக்கி, 2004-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகளைப் பயன்படுத்தினால் நாள்கணக்கில் நீளும் வினை, இலைச் சாற்றில் சில மணி நேரத்திலேயே நிறைவடைந்தது. அதன் பின்னர் துளசி, கற்றாழை, மஞ்சள் எனப் பல தாவரங்களைக் கொண்டு தமிழகம் உள்பட நாடு முழுவதும் இத்தகைய ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன.

வழக்கமான வேதியியல் முறையில் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற நச்சுத்தன்மை கொண்ட பொருள்கள் தேவைப்படுகின்றன. தாவரச் சாற்றில் உள்ள ஃபிளேவனாய்டுகள், டெர்பீன்கள், பாலிஃபீனால்கள் ஆகியவை வெள்ளி அயனிகளுக்கு எலெக்ட்ரான்களை அளித்து அவற்றை உலோகமாக மாற்றுகின்றன. அத்துடன், துகள்களின் மேல் போர்வை போலப் படிந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலும் தடுக்கின்றன.

நானோ துகள் என்பது 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவுடையது. ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாகப் பிரித்தால், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். இந்தப் பரப்பிலிருந்து தொடர்ந்து வெளியேறும் வெள்ளி அயனிகள், பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகப் பகுதிகளுடன் பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன; செல் சவ்வும் சிதைகிறது.

வெள்ளியின் மருத்துவப் பயன்பாடு புதிதல்ல. பிறந்த குழந்தைகளின் கண் தொற்றைத் தடுக்க வெள்ளி நைட்ரேட் சொட்டு மருந்து 1880-களிலேயே வழக்கத்துக்கு வந்தது. தீக்காயங்களுக்கான சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு இன்றும் மருத்துவமனைகளில் உள்ளது. நானோ வெள்ளி பூசிய காயக் கட்டுகளும் விற்பனையில் உள்ளன. ஆனால், அவற்றில் பரவலாக அறியப்பட்டவை இயற்பியல் முறையில் தயாரானவை; இலைச் சாற்றில் உருவானவை அல்ல.

இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் சீரின்மை. மழைக்காலத்தில் பறித்த இலையிலும் கோடையில் பறித்த இலையிலும் வேதிப்பொருள்களின் அளவு ஒன்றாக இருப்பதில்லை. எனவே துகளின் அளவும் மேற்பூச்சும் ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறக்கூடும். மருந்துக்கோ ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் இருப்பது கட்டாயம். 'பசுமை' என்ற சொல் தயாரிப்பு முறையைக் குறிக்கிறதே தவிர, தயாரான பொருள் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. தட்டில் பாக்டீரியாவை அழிக்கும் வெள்ளி, அளவு மிகும்போது மனித செல்களையும் பாதிக்கும். வெள்ளியை நீண்டகாலம் உட்கொண்டால் தோல் நிரந்தரமாக நீலச் சாம்பல் நிறமாகும் 'ஆர்ஜிரியா' என்ற பாதிப்பும் ஏற்படலாம். ஆகவே, வெள்ளி நீர் என்ற பெயரில் விற்கப்படுவதை மருத்துவ ஆலோசனையின்றி அருந்துவது ஆபத்தானது.

நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறை 2019 அக்டோபரில் தில்லியில் வெளியிட்டது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மருந்தை நானோ அளவுக்கு மாற்றினாலும் அதன் தரம், பாதுகாப்பு, செயல்திறன் ஆகியவை தனியாக மதிப்பிடப்பட வேண்டும் என்பது அவற்றின் அடிப்படையாகும்.

நோய் எதிர்ப்பு மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவரும் நிலையில், வெள்ளியின் மீது ஆய்வாளர்கள் நம்பிக்கை வைத்துள்ளனர். எனினும் வெள்ளியையும் எதிர்த்து நிற்கும் சால்மோனெல்லா பாக்டீரியா, அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் கண்டறியப்பட்டதாக 1975-ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது குறிப்பிடத்தக்கது.