எந்தப் பக்கம் ஓடுவது?

தவணை முடிந்துவிட்டது. விடைத்தாள்களைத் திருத்திப் புள்ளிகளைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமும் இட்டாயிற்று. மாணவர் பெற்ற புள்ளிகளைக் குறித்துவைக்கப் பதிவேடு உண்டு. அத்தவணையில் ஆசிரியன் என்ன கற்றான் என்பதைக் குறித்துவைக்கப் பதிவேடு எதுவும் இல்லை. அக்குறையைத் தீர்த்துக்கொள்ளவே இதனை எழுதத் துணிந்தேன். பல ஆண்டுகள் புவியியல் கற்பித்து வந்தவனுக்கு, மாணவி ஒருத்தியின் கேள்வி புகட்டிய பாடமே இக்கட்டுரையின் பொருள்.

சென்ற தவணையில் நாங்கள் படித்த பகுதி இயற்கை அனர்த்தங்கள். அதில் முதன்மையானது ஆழிப்பேரலை. தமிழர் அதனை முன்னாளிலேயே கடற்கோள் என்று பெயரிட்டு அறிந்திருந்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் சுனாமி என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் துறைமுக அலை என்பது பொருள். இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதினேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நேரப்படி காலை 6.58 மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. ஆழ்கடலில் அலை மணிக்கு 700 கிலோ மீற்றர் வேகத்தில் ஓடியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எமது கரையை அடைந்தது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர், அவருள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாணவர் அனைத்தையும் அழகாக எழுதிக்கொண்டனர். பரீட்சை வைத்தேன். பெரும்பாலோர் நல்ல புள்ளி பெற்றனர். பாடம் முடிந்தது என்று மனநிறைவோடு இருந்தேன்.

மறுநாள் பின்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "சேர், அப்படி ஒரு அலை திரும்ப வந்தால் நாங்கள் எந்தப் பக்கம் ஓடுவது?" என்று கேட்டாள்.

"மேட்டு நிலத்துக்கு ஓட வேண்டும்" என்றேன்.

"இங்கே மேடு எங்கே இருக்கு, சேர்?"

பாண்டிருப்பைக் கண்டிராத வாசகர்க்கு ஒரு வார்த்தை. மருதமுனைக்குத் தெற்கே, கல்முனைக்கு வடக்கே அமைந்தது எங்கள் ஊர். கிழக்கே கடல், நடுவே மட்டக்களப்பு வீதி, மேற்கே வயல்வெளி. உள்ளங்கை போல ஒரே தட்டையான நிலம். மலையும் இல்லை, குன்றும் இல்லை. மாரி காலத்தில் வயலெங்கும் நீர் நிற்கும். அந்தப் பேரலையும் மாரி காலத்தில்தான் வந்தது. பாடநூலில் உள்ள மேட்டு நிலம் எங்கள் ஊரில் இல்லை. அந்தச் சிறு உண்மையை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று கூறி வகுப்பை முடித்தேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பேரலை வந்த நாளில் நான் இருபதுகளில் இருந்தேன். மாடி வீடொன்றின் மேற்றளத்தில் ஏறித் தப்பியவன் நான். அங்கிருந்து கண்டவற்றை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. பிள்ளைகளை அச்சுறுத்தலாகாது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். என் நெஞ்சு தாங்காது என்பதே உண்மைக் காரணம். என் முன் அமர்ந்திருப்பவர்களோ 2004க்குப் பின்னர் பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்த நாள் பனிப்போரையும் உலகப் போரையும் போலப் புத்தகத்தில் உள்ள இன்னுமொரு பக்கம். அப்பக்கத்தை அவ்வாறு ஆக்கியவர்களுள் நானும் ஒருவன்.

அடுத்த வகுப்பில் எனக்கு விடை தெரியாது என்பதை ஒப்புக்கொண்டேன். வீட்டிலுள்ள முதியோரிடம் அன்றைய நாளைப் பற்றிக் கேட்டு, ஒரு பக்கம் எழுதிவருமாறு சொன்னேன். விரும்பாதவரை வற்புறுத்தவேண்டாம் என்றும் கூறினேன். எங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அருகருகே அமர்பவர்கள். ஒருத்தி அம்மம்மாவைக் கேட்டாள். இன்னொருத்தி உம்மம்மாவைக் கேட்டாள். கரைவலைத் தொழிலாளி ஒருவரின் மகன் தன் அப்பாவைக் கேட்டான். கதைகள் வேறு வேறாயினும் கண்ணீர் ஒன்றாகவே இருந்தது.

அவற்றுள் ஒரு தாள் என்னைத் திடுக்கிடச் செய்தது. "கடல் முதலில் வற்றவில்லை என்று அம்மம்மா சொல்கிறா. முதலில் நீர் பெருகி ஏறியதாம். அதன் பிறகுதான் வற்றியதாம். வற்றிய இடத்தைப் பார்க்கப் போனவர்கள்தான் திரும்பவில்லையாம். சேர் தந்த குறிப்பு பிழையா?" என்று அதில் எழுதியிருந்தது.

என் குறிப்பில், பேரலைக்கு முன் கடல் உள்வாங்கும், அதுவே அடையாளம் என்று எழுதியிருந்தேன். நூல்களை மீண்டும் எடுத்துப் புரட்டினேன். அம்மம்மாவின் பக்கமே உண்மை இருந்தது. அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடற்றளம் மேற்குப் புறத்தில் உயர்ந்தது. கிழக்குப் புறத்தில் தாழ்ந்தது. ஆதலால் கிழக்கே தாய்லாந்தை நோக்கிச் சென்ற அலைக்கு முன்னே பள்ளம் சென்றது. அங்கே கடல் முதலில் வற்றியது. மேற்கே எம்மை நோக்கி வந்த அலைக்கு முன்னே எழுச்சி வந்தது. இங்கே நீர் முதலில் ஏறியது, பின்னர் வற்றியது, மீண்டும் அதனினும் பெரிதாய் வந்தது. கடல் வற்றினால் ஓடலாம் என்று காத்திருப்பவன் எங்கள் கரையில் முதல் அலையிலேயே அகப்படுவான். பொதுவாகச் சரியான ஒரு வாக்கியம் எங்கள் ஊருக்குப் போதாததாயிற்று. அதனை நான் பல ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன்!

அதன் பின்னர், அதிபரின் அனுமதியும் பெற்றோரின் இசைவும் பெற்று, ஒரு சனிக்கிழமை காலை கடற்கரையில் கூடினோம். ஒவ்வொருவரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு தத்தம் ஒழுங்கை வழியே மேற்கு நோக்கி நடக்கவேண்டும். உறுதியான கொங்கிரீற்று மாடிக் கட்டடம் எது, அதற்குள் ஏறப் படிக்கட்டு எப்பக்கம் உள்ளது என்பதைக் குறிக்கவேண்டும். கரைவலைக்காரரின் மகன் விரைந்து முதலாவதாகப் போய்ச் சேர்ந்தான். தன் உம்மம்மாவின் கையைப் பிடித்து நடந்த மாணவிக்கு அதனினும் இரு மடங்கு நேரம் சென்றது. ஓர் ஒழுங்கை மதிலில் முட்டி நின்றது. மற்றொன்றில் இரண்டு முச்சக்கர வண்டிகள் எதிர்ப்பட்டால் வழியே இல்லை. இவை எந்த வரைபடத்திலும் இல்லாத செய்திகள்.

அறிவு உயிரைக் காக்கும் என்பதற்கு உலகில் சான்றுகள் பல. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெற் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த தில்லி சிமித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைப்பதைக் கண்டாள். இரண்டு கிழமைகளுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது அவள் நினைவுக்கு வந்தது. அவள் விடாது வற்புறுத்தியதால் கரையில் நின்ற நூறு பேர் வரை உயிர் தப்பினர். சுமாத்திராவை அடுத்த சிமலு தீவிலோ பள்ளிப் பாடமும் தேவைப்படவில்லை. 1907இல் அங்கு வந்த பேரலையை மக்கள் 'சுமோங்' என்று பெயரிட்டுப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004இல் நிலம் அதிர்ந்ததும் எல்லாரும் குன்றேறினர். ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த தீவில் மாண்டவர் எழுவரே. ஜப்பானில், 1854இல் கீரோ என்னும் ஊரைப் பேரலை தாக்கியபோது, அமகுச்சி கோரியோ என்பவர் வைக்கோற் போர்களுக்குத் தீ மூட்டி, இருளில் தடுமாறியவர்க்கு மேட்டுக்கு வழி காட்டினார். அவர் கதை பின்னர் பாடநூலில் இடம்பெற்றது. அதன் நினைவாகவே ஐக்கிய நாடுகள் சபை 2015இல் நவம்பர் 5ஆம் நாளை உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்தது.

இவற்றை எண்ணும்போது எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் கோயில் நினைவுக்கு வருகிறது. அங்கே ஆண்டுதோறும் பாண்டவர் வனவாசம் போகின்றனர். அருச்சுனன் தவம் செய்கிறான். நிறைவில் தீமிதிப்பு நிகழ்கிறது. பாரதத்தைப் படியாத குழந்தையும் அதனை அறியும். ஏனெனில் ஊரே அக்கதையை நடந்து காட்டுகிறது. எக்காலத்துக் கதையோ ஒன்றை மறவாமல் காக்கத் தெரிந்த நாம், எம் கண்முன் நிகழ்ந்ததை மட்டும் மௌனத்தில் புதைக்கலாமா?

2004இல் இந்துசமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை. பின்னரே அது அமைந்தது. 2012 ஏப்பிரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது இலங்கைக் கரையோரத்துக்கு எச்சரிக்கை வந்தது. பெரிய அலை வரவில்லை. ஆனால், எச்சரிக்கை எம் காதுவரைதான் வரும். அதன் பிறகு நடக்கவேண்டியவை எம் கால்கள்.

தவணையின் இறுதியில் மீண்டும் ஒரு பரீட்சை வைத்தேன். வரைவிலக்கணம் கேட்கவில்லை. "எச்சரிக்கை கிடைத்ததும் உன் வீட்டிலிருந்து எவ்வாறு புறப்படுவாய்? யாரை அழைத்துச் செல்வாய்? எங்கே ஏறுவாய்? எப்பொழுது திரும்புவாய்?" என்பனவே வினாக்கள். முதற்பரீட்சையில் குறைந்த புள்ளி பெற்ற கரைவலைக்காரரின் மகன் இம்முறை எழுதிய விடையே சிறந்தது. "நான் வேகமாக ஓடக்கூடியவன். ஆனபடியால் முதலில் ஓடமாட்டேன். பக்கத்து வீட்டு நடக்கமாட்டாத பெத்தாவைத் தம்பியும் நானும் கதிரையோடு தூக்கிக்கொண்டு மூன்றாம் வீட்டு மாடிக்குப் போவோம். மதில் உள்ள ஒழுங்கையால் போகமாட்டோம். அறிவித்தல் வரும்வரை, கடல் அமைதியானாலும் இறங்கமாட்டோம்."

அவனுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன். விடைத்தாளை வாங்கும்போது அவன், "சேர், நீங்கள் அன்றைக்கு எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. கரும்பலகைப் பக்கம் திரும்பாமல், கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, முதன்முறையாக அந்தக் காலையை அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினேன்.