விடுமுறையில் கடைக்கு வரும் பிள்ளைகள்

கோடை விடுமுறை விட்டால் வீட்டில் அடங்காத பிள்ளைகள் நம் கடைக்கு வந்துவிடுகிறார்கள். வியாபார நேரத்தில் அதட்டி உட்கார வைக்கிறோம். இல்லையேல் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். நம் சரக்கிலேயே விளையாட்டு இருப்பதை மறந்துவிட்டோம்.

பல்லாங்குழிக்கு 14 குழி. குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை போதும். பலகை இல்லையேல் தரையில் சாக்கட்டியால் வட்டம் போடலாம். ஆடு புலி ஆட்டத்துக்கு 3 புளியங்கொட்டை புலி, 15 மொச்சை ஆடு. சோப்பு வந்த அட்டைப்பெட்டியில் கட்டம் வரைந்து கொடுத்தால் மதியப் பொழுது ஓடிவிடும்.

பரணில் கிடக்கும் பழைய தட்டுத் தராசையும் இறக்குங்கள். (விளையாட்டுக்கு மட்டும்; முத்திரையில்லாத் தராசில் வியாபாரம் கூடாது!) 500, 200, 100, 50 கிராம் கல் ஒவ்வொன்று கொடுத்து, 450 கிராம் அரிசி நிறுக்கச் சொல்லுங்கள். பையன் விழிப்பான். அரிசித் தட்டில் 50 கிராம் கல்லைச் சேர்த்து, எதிர்த் தட்டில் 500 வைக்கலாம் என்று தானே கண்டுபிடித்துவிட்டால் பிறகு தராசை விடமாட்டான். வருங்கால வியாபாரிக்கு இதைவிடக் கணக்குப் பாடம் ஏது?

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கையில் கொட்டை, கடலை தர வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்வார்கள், தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 14 வயது நிறையாதவரை வேலைக்கு வைப்பது குற்றம். சொந்தப் பிள்ளை விடுமுறையில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம். அபாயமான வேலை கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாட வந்தால் வரட்டும். பொட்டலம் கட்ட நிறுத்திவிடாதீர்கள்.