ஏரிப்படுகையில் வீடு

சென்னையில் தேனாம்பேட்டைக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை நீண்டதோர் ஏரி முற்காலத்தில் இருந்தது. 1920-களில் அதன் நீரை வடித்து மனைகள் வகுத்தனர்; தியாகராய நகர் உண்டாயிற்று. எனினும் தாழ்ந்த நிலம் தாழ்ந்ததே. 2021 நவம்பர் மழையில் அந்நகர்த் தெருக்களில் வெள்ளம் தேங்கி நின்றது.

கிராமங்களிலும் வறண்ட ஏரியோரத்தில் வீடு கட்ட முற்படும் குடியானவர்கள் உளர். அங்குள்ள மண் பெரும்பாலும் களி. ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேலாக அஸ்திவாரமிட்டு விரைவில் எழுப்பிய சுவர், இரண்டொரு மழைக்காலத்துக்குள் மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் பிளந்துவிடும். பிளவைச் சிமெண்டு பூசி மறைப்பது வீண் செலவு. கோடையில் குழி தோண்டி, வெடிப்பு எவ்வளவு ஆழம் செல்கிறதென்று பார்த்து, அதற்குக் கீழே அஸ்திவாரத்தை இறக்குதல் வேண்டும். களி மிக ஆழமாயின், அடிப்பாகம் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை மண்ணுள் இறக்கி அவற்றின்மேல் கட்டுவது உத்தமம். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்த முறை இது. செலவு கூடும்தான், இடித்துக் கட்டும் செலவுக்கு இது எம்மாத்திரம்?

மண்ணுக்கும் முன்னதாகப் பார்க்கவேண்டியது அ-பதிவேடு. நிலம் ஏரிப் புறம்போக்காயின், எத்துணை உறுதியாகக் கட்டினும் வீடு தங்காது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ஆம் வருஷத்துச் சட்டம் உள்ளது. கிராம அதிகாரிகள் இதனைக் கடைக்கால் தோண்டுமுன்னரே தெரிவித்தல் பேருபகாரமாகும்.